சுயா என்று சொன்ன வள்ளம்

கூடுமுனையில் பொருள்கள் பேச ஆரம்பித்தது ஓர் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மாதா கோயிலில் இரண்டாம் மணி அடித்து ஓய்ந்த நேரம் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த வீட்டில் எந்தப் பொருள் முதலில் வாய் திறந்தது என்பதில்தான் இன்றைக்கும் சண்டை. வடக்குத் தெருக்காரர்கள் அது ஒரு குடம் என்பார்கள், தெற்குத் தெருக்காரர்கள் ஒரு செருப்பு என்பார்கள், கரையோரத்து வீடுகளில் கேட்டால் ஒரு துடுப்பு என்று ஆணையிட்டுச் சொல்வார்கள். வியாகுலத்துக்குத் தன் வீட்டில் நடந்தது மட்டும் தெரியும். ரசத்தைக் கலக்கக் கரண்டியை எடுத்தாள். கரண்டி, தொண்டை கட்டின ஒரு சின்னக் குரலில், "சுயா" என்றது. கீழே வைத்து மறுபடி எடுத்தாள், மறுபடியும் "சுயா" என்றது. பக்கத்திலிருந்த சட்டியைத் தொட்டுப் பார்த்தாள், சட்டி "துயா" என்றது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றவள், ரசம் பொங்கி வழியப் போகிறதென்று அந்தக் கரண்டியாலேயே கலக்கி இறக்கிவைத்தாள். ஈஸ்டருக்குப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய கரண்டி அது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துபோயிற்று. கையில் எடுக்கிற பொருள், தொடுகிற பொருள், சாய்ந்து நிற்கிற சுவர் எல்லாம் ஒரே ஒரு சொல்லைச் சொன்னது, சொல்லிவிட்டு அடுத்த முறை தொடுகிறவரை சும்மா இருந்தது. அது என்ன பாஷை என்று கண்டுபிடித்தவன் இஞ்ஞாசி. பதினெட்டு வருஷம் சரக்குக் கப்பல்களில் சமையல்காரனாக இருந்து, பெரு நாட்டுத் துறைமுகங்களையும் சிலி நாட்டுத் துறைமுகங்களையும் தன் வீட்டுக் கொல்லைப்புறம் போலப் பேசுகிறவன் அவன். முடிவெட்டிக்கொண்டிருந்தவன் பாதித் தலையோடு எழுந்து, தன் தீப்பெட்டியைக் காதோரம் வைத்துக் கேட்டு, இது ஸ்பானிஷ், சுத்தமான ஸ்பானிஷ் என்றான். பொருள்கள் ஏன் ஸ்பானிஷ் பேசவேண்டும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். பழைய காலத்தில் கப்பல் ஏதாவது இந்தப் பக்கம் மூழ்கியிருக்கும் என்றார் ஒருவர், அப்படியானால் கப்பல்தானே பேசவேண்டும், என் செம்பு ஏன் பேசுகிறது என்றார் இன்னொருவர், அத்தோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. தமிழில் பேசியிருந்தால் ஊர் அன்றைக்கே அடித்துக்கொண்டு செத்திருக்கும், புரியாத பாஷையில் பேசியதால் மூச்சு விட நேரம் கிடைத்தது என்று இஞ்ஞாசி பிற்பாடு சொல்லுவான்.

அன்று சாயங்காலம் கோயில் முற்றத்தில் அவன் ஊருக்குச் சொன்னது இவ்வளவுதான். துயோ என்றால் உன்னுது. சுயோ என்றால் அடுத்தவருது. நுவெஸ்த்ரோ என்றால் நம்முடையது. மீயோ என்றால் என்னுது, ஆனால் அதை எந்தப் பொருளும் சொல்லாது. பொருளில் ஆண் உண்டு, பெண் உண்டு. ஆண் பொருள் துயோ என்னும், பெண் பொருள் துயா என்னும், எடுக்கிறவன் ஆணா பெண்ணா என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை. இதைக் கேட்டதும் பெண்கள் வீட்டுக்கு ஓடிப்போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்கள். கத்தி ஆண், கரண்டி பெண். தட்டு ஆண், பானை பெண். சீப்பு ஆண், துடைப்பம் பெண். மீசை முறுக்கிக்கொண்டு திரிகிற ஆம்பளைகள் போட்டிருந்த சட்டையெல்லாம் பெண் என்று தெரிந்தபோது தெருவே சிரித்தது.

வியாகுலத்துக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. தபால் ஆபீசை ஒட்டிய ஒற்றை அறையில் மூன்று அலமாரி வைத்திருந்த ஊர்ப்புற நூலகத்துக்கு அவள்தான் பொறுப்பாளர். இஞ்ஞாசியிடம் கப்பலில் வைத்திருந்த ஒரு பழைய ஸ்பானிஷ் பாடப்புத்தகம் இருந்தது. இங்கிலீஷில் விளக்கம் போட்டு ஸ்பெயினில் அச்சடித்தது, எண்ணெய்க் கறை படிந்தது. அவன் அதைப் பாதிக்குமேல் படித்ததில்லை. வியாகுலம் அதை நூலகத்துக்கு வாங்கிவந்து, செய்தித் தலைப்புகள் எழுதிப்போடுகிற கரும்பலகையில் நாளுக்கு ஒரு சொல்லும் ஒரு சின்ன வாக்கியமும் எழுத ஆரம்பித்தாள். "தெ கியேன் எஸ்?" என்றால் இது யாருது? "அகி எஸ்தா" என்றால் இந்தா இருக்கு. "பெர்தோன்" என்றால் பொறுத்துக்கோ. மூன்றாம் நாளே பெண்கள் ஒருவர் வீட்டு வாசலில் ஒருவர் நின்று, "அகி எஸ்தா, பெர்தோன்" என்று சொல்லி வருஷக்கணக்காகத் திரும்பாமல் கிடந்த இட்லித் தட்டுகளையும் தேங்காய்த் துருவிகளையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். கூடுமுனையில் அந்த வாரம்போல் குடைகள் கைமாறிய வாரம் வேறு கிடையாது.

உயிருள்ளது எதுவும் பேசவில்லை. ஆடு பேசவில்லை, கோழி பேசவில்லை, தூக்கிவைத்த பிள்ளை எதுவும் பேசவில்லை. ஆனால் கோழியிட்ட முட்டையைக் கையில் எடுத்தால் அது "சுயோ" என்றது. யாருது என்று யோசித்தபோது அது கோழியுடையது என்று எல்லோருக்கும் புரிந்தது. இரண்டு நாள் யாரும் முட்டை சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் "பெர்தோன்" சொல்லிவிட்டு உடைத்தார்கள். கடற்கரை மணலை அள்ளினால் "நுவெஸ்த்ரா" என்றது. கடல்தண்ணீரை அள்ளினால் எதுவும் சொல்லவில்லை. எத்தனையோ பேர் முழங்கால் தண்ணீரில் நின்று கையைக் குவித்துக் காதோரம் வைத்துக் கேட்டுப் பார்த்துவிட்டு, நனைந்த காதோடு திரும்பி வந்தார்கள்.

சிக்கல் வந்தது "சுயோ"வில். வயதானவர்கள், பதவியில் இருக்கிறவர்கள் யார் தொட்டாலும் அவர்கள் சொந்தப் பொருள்கூட "சுயோ" என்றுதான் சொன்னது. வியாகுலம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபோது, மரியாதைக்குரியவரிடம் பேசும்போது 'உங்களுடையது' என்பதற்கும் அதே சொல்தான் என்று போட்டிருந்தது. அவனுது, அவளுது, அவங்களுது, உங்களுது, நாலுக்கும் ஒரே சொல். ஊராட்சித் தலைவர் கிரகோரி தன் ஆபீஸ் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அது "சுயா" என்றது. பாருங்கள், நாற்காலி எனக்கு மரியாதை கொடுக்கிறது என்றார் அவர். அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறவர், அது வேறு ஒருவருடையது என்று நாற்காலியே சொல்கிறது என்றார். நாற்காலி இரண்டு பேரையும் சமாதானப்படுத்த முயலவில்லை.

நூலகத்துப் புத்தகங்கள் யார் எடுத்தாலும் "நுவெஸ்த்ரோ" என்றன. அதற்கும் ஒரு நாள் சண்டை வந்தது. நம்முடையது என்றா சொல்கிறது, எங்களுடையது என்றா என்று இரண்டு தெருவும் கேட்டது. வியாகுலம் அன்று முழுக்கப் புத்தகத்தைத் துழாவினாள். நம்ம என்பதற்கும் எங்க என்பதற்கும் அந்தப் பாஷையில் தனித்தனிச் சொல் இல்லை என்று கடைசியில் தெரிந்தபோது அவளுக்கு நம்பவே முடியவில்லை. உன்னைச் சேர்த்துக்கொண்டு சொல்கிறேனா, உன்னை வெளியே நிறுத்திவிட்டுச் சொல்கிறேனா என்று தெரியாமல் அந்த ஜனங்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று பல நாள் யோசித்துக்கொண்டிருந்தாள். அதுவே அவளுக்கு ஒரு ருசியாகிப் போனது. காலையில் எழுந்ததும் பல் தேய்ப்பதற்கு முன் புத்தகத்தைத் திறப்பாள். புருஷன் போன பிறகு அவள் ஆசைப்பட்டுத் திறந்த முதல் பொருள் அந்தப் புத்தகம்தான்.

ஆனால் ஊர் அத்தனை நாளும் கரண்டியையும் நாற்காலியையும் பேசிக்கொண்டிருந்தாலும், கண் ஒன்றின்மேல்தான் இருந்தது. அது வியாகுலத்தின் புருஷன் சந்தியாகு விட்டுப்போன வள்ளம்.

சந்தியாகு போன புரட்டாசியில் மஞ்சள்காமாலை வந்து ஒன்பதே நாளில் செத்துப்போனான். பிள்ளை இல்லை. அவனுக்கு மூத்தவள் ஒருத்தி உண்டு, சவேரியாள், அறுபத்தொரு வயது, கல்யாணம் கட்டாதவள், தாயில்லாத தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். எதிர்வீடு. நாத்தனார் முறையென்பதால் வியாகுலம் அவளை மைனி என்று கூப்பிடுவாள். ஏழாம் நாள் பூசை முடிந்து வந்த கையோடு மைனிக்கும் வியாகுலத்துக்கும் வாய்ச்சண்டை வந்தது. எங்கப்பா கொண்டுவந்த மரம், ஆசாரிமாருக்கு நாற்பது நாள் நான் பொங்கிப் போட்டு முடிந்த வள்ளம் என்றாள் மைனி. பதினேழு வருஷம் வருஷம் தவறாமல் நான் சாயம் அடித்த வள்ளம், என் புருஷன் வள்ளம் என்றாள் வியாகுலம். மறுநாள் காலையில் மணலில் கவிழ்ந்து கிடந்த வள்ளத்தின் முன்பக்கத்து வளையத்தில் மைனி ஒரு சங்கிலி போட்டுப் பூட்டினாள். சாயங்காலம் பின்பக்கத்து வளையத்தில் வியாகுலம் ஒரு சங்கிலி போட்டுப் பூட்டினாள். பதினொரு மாதம் வள்ளம் அப்படியே கிடந்தது. இரண்டு பெண்களும் எதிரெதிர் வாசலைப் பெருக்கும்போதுகூட முகத்தைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளவில்லை.

இப்போது தொட்டால் தெரிந்துபோகும். ஆனால் இரண்டு பேரும் அந்தப் பக்கமே போகவில்லை. கோயிலுக்குச் சுற்றுவழியாகப் போனார்கள். வேறு யாராவது தொட்டால் "சுயா" என்று சொல்லும், அதனால் யாருக்கும் என்ன பிரயோஜனம். சந்தியாகுவோடு தொழிலுக்குப் போன தொம்மையும் மிக்கேலும் வந்து, சாளை மீன் கூட்டம் கூட்டமாக வருகிறது, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வழி பிறக்காவிட்டால் வேறு கரைக்கு வேலைக்குப் போய்விடுவோம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டுப் போனார்கள். கோயில் கமிட்டி கூடி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர் முன்னால் இரண்டு பேரும் ஆளுக்கொரு முறை வள்ளத்தைத் தொடவேண்டும் என்று முடிவுசெய்தது. இரண்டு பேரும் சரி என்று சொல்லியனுப்பினார்கள்.

வியாழக்கிழமை வரை வியாகுலம் பொறுத்தாள். அதற்குமேல் முடியவில்லை. நல்ல உச்சிவெயிலில், மணல் கொதித்து நாய்கூட இறங்காத நேரத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வள்ளத்துக்குப் போனாள். மரம் வெடித்து, சாயம் செதில் செதிலாக உரிந்து, பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற மாதிரி இடைவெளி விட்டுக் கிடந்தது. பார்த்ததும் அவளுக்கு வந்த நோக்கமே மறந்துபோயிற்று. சின்னக் குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல் உள்ளங்கையை வைத்தாள்.

"சுயா" என்றது வள்ளம்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தாள், அது வரவில்லை. நூலகத்துப் பழக்கம்தான் வந்தது. நோட்டை எடுத்து அந்தச் சொல்லுக்கு உள்ள நாலு அர்த்தத்தையும் வரிசையாக எழுதினாள். உங்களுது. இது இல்லை, என்னிடம் பொருள்கள் துயா என்றுதான் சொல்கின்றன என்று அடித்தாள். அவனுது. இங்கே பென்சில் நின்றது. செத்தவனுக்குப் பொருள் சொந்தமாக இருக்க முடியுமா என்று புத்தகத்தில் எங்கும் போட்டிருக்கவில்லை.

கட்டிலுக்கடியில் சந்தியாகுவின் டிரங்குப் பெட்டி இருந்தது. பதினொரு மாதமாக அவள் அதைத் திறக்கவில்லை. ஊரெல்லாம் பொருள்களைத் தொட்டுத் தொட்டுக் கேட்ட இந்த நாட்களிலும் அதைமட்டும் அவள் விட்டுவைத்திருந்தாள். இழுத்துத் திறந்ததும் நீலக் கட்டம் போட்ட அவன் சட்டை மேலேயே கிடந்தது. எடுப்பதற்கு முன்னால் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். சுயா என்று சொன்னால் அவன் இன்னும் எங்கேயோ இருக்கிறான், தன் சட்டையைத் தனதென்று வைத்துக்கொண்டு இருக்கிறான் என்று அர்த்தம். அப்படிச் சொல்லவேண்டும் என்று வேண்டிக்கொண்டாளா, வேண்டாம் என்று வேண்டிக்கொண்டாளா என்பது அவளுக்கே தெரியாது. சட்டையை எடுத்தாள்.

"துயா" என்றது சட்டை, மிக மெதுவாக.

அப்போது அழுதாள். அவன் ஒன்றையும் தன்னோடு கொண்டுபோகவில்லை, எல்லாவற்றையும் இவளிடம் விட்டுவிட்டுத்தான் போயிருக்கிறான் என்று சட்டையை முகத்தில் வைத்துக்கொண்டு, சட்டை அவள் கன்னத்தருகே துயா, துயா என்று சொல்லச் சொல்ல, வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, நோட்டில் 'அவனுது' என்பதை அடித்தாள். 'அவங்களுது' என்பதையும் பார்த்தாள். எவங்களுது? அப்படி யாரும் இல்லை, அதையும் அடித்தாள். மிஞ்சி நின்றது ஒன்றே ஒன்று, அவளுது.

ஞாயிற்றுக்கிழமை ஊர் முன்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவளால் ஆகாது. நாலு மணிக்குப் பூட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு, பதினொரு மாதத்துக்கு அப்புறம் எதிர்வாசலில் ஏறினாள்.

மைனி அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரியவில்லை. வியாகுலத்தைக் கண்டு எழுந்திருக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. வியாகுலம் சாவியை நீட்டினாள்.

"வள்ளம் உங்களுதுதான் மைனி. நான் போய்த் தொட்டுப் பார்த்துட்டேன். சுயான்னு சொல்லிருச்சு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் போகவேண்டாம்."

மைனி சாவியை வாங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"நான் திங்கக்கிழமையே தொட்டுட்டேன் ஏட்டி. எங்கிட்டயும் அதுதான் சொல்லிச்சு."

வியாகுலம் நின்றபடியே யோசித்தாள். மைனிக்கு வயது அறுபத்தொன்று. மைனி தொட்டால் மைனி வீட்டுப் பானை சுயா என்கிறது, பாய் சுயா என்கிறது, எல்லாமே மரியாதையாக உங்களுது என்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மைனி தொட்டு, சுயா என்று வள்ளம் சொன்னால், உங்களுது என்றுதான் சொல்கிறது என்று ஊரே ஒத்துக்கொள்ளும். இதை அவள் வாய்விட்டுச் சொன்னாள். அப்புறம் என்ன மைனி, உங்களுதுதானே என்றாள்.

"எனக்கும் அப்படித்தான் தோணிச்சு. வீட்டுக்கு வந்து பானையத் தொட்டேன். சுயான்னுச்சு. பானை சொல்லும்போது என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுத மாதிரி இருக்கும். வள்ளம் சொன்னது அப்படி இல்ல. எனக்குப் பின்னால யாரோ நிக்க மாதிரி, அவளப் பார்த்துச் சொல்லுத மாதிரி இருந்துச்சு. நாலு நாளா அதுதான் காதுல கேக்கு. என்னுதுன்னு சொன்னா ஊரு நம்பும். நான் நம்பணுமே."

சொல்லிவிட்டு மைனி தன் இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து அடுப்புத் திட்டில் வைத்தாள். வியாகுலம் தன் சாவியை அதன் பக்கத்தில் வைத்தாள். யாரும் யார் சாவியையும் எடுக்கவில்லை. கடைசியில் வியாகுலம்தான், வள்ளம் வெயிலில் வெடித்துக் கிடக்கிறது, யாருதாக இருந்தாலும் இப்படியே விட்டால் விறகுக்குத்தான் ஆகும், முதலில் பூட்டைத் திறந்து நிமிர்த்திப் போடுவோம் என்றாள். மைனி எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

இரண்டு பெண்களும் சேர்ந்து கடற்கரைக்கு நடந்ததை, கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள், பார்த்தவர்கள் ஊசியைக் கீழே வைத்தார்கள், கீழே வைத்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பின்னாலேயே வந்தார்கள். முன்பூட்டை மைனி திறந்தாள், பின்பூட்டை வியாகுலம் திறந்தாள், சங்கிலி இரண்டும் மணலில் விழுந்தன. தொம்மையும் மிக்கேலும் தூக்க ஓடிவருவதற்குள், இவர்கள் இரண்டு பேரும் ஒரே பக்கத்து விளிம்பில் கையைக் கொடுத்து, ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்தார்கள்.

"புவெஸ்த்ரா" என்றது வள்ளம்.

கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. அந்தச் சொல்லை ஊரில் யாரும் அதுவரை கேட்டதில்லை. நுவெஸ்த்ராவைத்தான் தப்பாகச் சொல்கிறது என்றார்கள் சிலர். இஞ்ஞாசி முன்னால் வந்து, இப்படி ஒரு சொல்லைத் தான் போன துறைமுகம் எதிலும் கேட்டதில்லை, ரொம்ப நாள் கவிழ்ந்து கிடந்ததால் வள்ளத்துக்கு நாக்குக் குழறியிருக்கும் என்றான். இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டு ஒருவர் மாற்றி ஒருவர் தொட்டார்கள். சுயா, சுயா என்றது. சேர்ந்து தொட்டார்கள், புவெஸ்த்ரா என்றது, முன்னைவிடத் தெளிவாக.

வியாகுலம் மணலில் ஓடினாள். நூலகத்தைத் திறந்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு, புரட்டியபடியே திரும்பி வந்தாள். இஞ்ஞாசி படித்திராத பின்பாதியில், பொடி எழுத்தில், அது இருந்தது. வள்ளத்துக்குப் பக்கத்திலேயே நின்று இரண்டு முறை மனசுக்குள் படித்தாள்.

"என்ன ஏட்டி போட்டிருக்கு?" என்றாள் மைனி.

"கப்பல் போற அந்த நாடுகள்ல இத யாரும் பேசமாட்டாங்களாம் மைனி. ஸ்பெயின்ல மட்டும்தானாம். ரெண்டு பேரு, இல்ல அதுக்கு மேல, சேர்ந்து நிக்கும்போது சொல்லுத சொல்லு. பெரியவங்க சின்னவங்கன்னு பார்க்காம, வேண்டியவங்ககிட்டச் சொல்லுதது." அவள் புத்தகத்தை மூடினாள். "உங்க ரெண்டு பேருதும்னு அர்த்தம்."

மைனி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டாள். வியாகுலமும் உட்கார்ந்தாள். அப்போதுதான் நோட்டில் தான் அடித்துப்போட்ட 'அவங்களுது' அவளுக்கு ஞாபகம் வந்தது. தனித்தனியாக வந்தவர்களிடம் வள்ளம் பொய் சொல்லவில்லை. அவங்களுது என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்த 'அவங்க'வில் தானும் ஒருத்தி என்று இரண்டு பேருக்கும்தான் தோன்றவில்லை.

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு ஊருக்குப் புதிதாக ஒரு பைத்தியம் பிடித்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து ஜனங்கள் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து பொருள்களைத் தொட ஆரம்பித்தார்கள். அண்ணனும் தம்பியும் நடுச்சுவரைத் தொட்டார்கள். மாமியாரும் மருமகளும் கிரைண்டரைத் தொட்டார்கள். இருபது வருஷம் பேசாத ஒரு புருஷனும் பெஞ்சாதியும் ஆளுக்கொரு பக்கம் கட்டிலைத் தொட்டுப் பார்த்ததாகப் பேச்சு. எல்லாம் புவெஸ்த்ரோ என்று சொல்லிவிடவில்லை. சிலது சொன்னது, சிலது பிடிவாதமாக ஒருவரை மட்டும் சொன்னது, சிலது இரண்டு பேருக்கும் இல்லை என்று மூன்றாவது ஒருவரைச் சொல்லிச் சண்டையை வேறு தெருவுக்கு மாற்றியது. தலைவர் கிரகோரியும் அவரை எதிர்த்து நிற்கப் போகிறவரும் மட்டும், யார் எவ்வளவு சொல்லியும், நாற்காலியைச் சேர்ந்து தொடச் சம்மதிக்கவில்லை.

வள்ளத்தைச் சரிசெய்ய இரண்டு முழு நாள் பிடித்தது. தொம்மையும் மிக்கேலும் பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து எண்ணெயும் குங்கிலியமும் காய்ச்சி அடைத்தார்கள். மைனி அவர்களுக்குப் பொங்கிப் போட்டாள், வியாகுலம் சாயம் அடித்தாள். வெள்ளைச் சாயம் முடிந்ததும் விளிம்புக்கு என்ன நிறம் அடிப்பது என்று இரண்டு பேருக்கும் ஒரு சின்னச் சண்டைகூட வந்தது. மைனி பச்சை என்றாள், வியாகுலம் நீலம் என்றாள், ஆளுக்கொரு பக்கம் அடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே கரைக்கு வந்தது. தண்ணீரில் இறக்குகிற நேரத்தில் தொம்மை ஒரு பேச்சை எடுத்தான். கிடையாகக் கிடந்த வள்ளம் முதல் தடவை ஓடும்போது உடைமைக்காரர் அதில் ஏறித்தான் ஆகவேண்டும், அது இந்தக் கரையின் வழக்கம் என்றான். வழக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உடைமைக்காரர் பெண்ணாக இருந்ததுதான் தெரியாதது. கூடுமுனையில் அதுவரை எந்தப் பெண்ணும் வள்ளம் ஏறினதில்லை. எல்லோரும் சாமியாரைப் பார்த்தார்கள், சாமியார் கடலைப் பார்த்தார். மைனி யாரையும் பார்க்கவில்லை. சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, வா ஏட்டி என்று கையை நீட்டினாள்.

அலையைத் தாண்டும்வரை இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வள்ளம் எழும்பி விழும்போதெல்லாம் மைனி மாதாவைக் கூப்பிட்டாள். மூன்றாவது அலையைத் தாண்டியதும் குலுக்கல் நின்றது, மிக்கேல் மோட்டாரை அணைத்தான், பலகை இடுக்கில் தண்ணீர் ஏறுகிறதா என்று தொம்மை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். வியாகுலம் கண்ணைத் திறந்தாள்.

பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஊரைக் கடலிலிருந்து அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கோயில் கோபுரம் ஒன்றுதான் அடையாளம் தெரிந்தது. மற்றதெல்லாம் மணலுக்குமேல் ஒரு மெல்லிய கோடாக, ஓடும் ஓலையும் சுவரும் ஒன்றாகக் கலந்து, இடைவெளியே இல்லாமல், யாரோ விரலால் ஒரே இழுப்பில் இழுத்துவிட்டதுபோல இருந்தது. வடக்குத் தெரு எங்கே முடிகிறது, தெற்குத் தெரு எங்கே ஆரம்பிக்கிறது என்று அவள் தேடிப் பார்த்தாள். மைனியும் நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுல எது என் வீடு, எது உன் வீடு?" என்று கேட்டாள்.

"தெரியல மைனி" என்றாள் வியாகுலம்.

கரையில் நின்றவர்கள் கையசைத்தது சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தது. மைனி இன்னும் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு, மோட்டாரைப் போடப் போன மிக்கேலிடம், இப்போ திருப்ப வேண்டாம், இன்னும் கொஞ்சம் உள்ளே போ என்றாள்.